கிராபிக்ஸ் கார்டு மேல் பழி போடும் முன்: வீட்டு கேமிங் கம்ப்யூட்டர் லேக் அடித்தால் என்ன பார்க்க வேண்டும்

ஆனி மாதம் சாரல் தொடங்கிய ஒரு சாயங்காலம், அக்கா மகன் புளியரையிலிருந்து நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் பெட்டியை உரச்சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினான். "மாமா, கார்டு போயிட்டு. புதுசு வாங்கணும். அம்மாட்ட நீங்கதான் சொல்லணும்." கேம் ஆரம்பித்தால் இருபது நிமிஷம் நன்றாக ஓடுகிறதாம், அப்புறம் இழுக்கிறதாம். இருபது நிமிஷம் நன்றாக ஓடுகிறது என்றால் அது எப்படிப் போன கார்டு என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

செங்கோட்டையில் எனக்கு ஒரு சின்ன சர்வீஸ் கடை. 1956 வரை இந்த ஊரே கேரளப் பக்கத்தோடு இருந்தது. இப்போதும் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஆரியங்காவு, தென்மலைக்காரர்கள். "சேட்டா, கேம் பயங்கர ஸ்லோ ஆணு" என்று அவர்களும், "அண்ணாச்சி, லேக் அடிக்கு" என்று நம்மவர்களும் சொல்வது ஒரே புகார்தான். தீர்ப்பும் கையோடு கொண்டு வருவார்கள்: கார்டு போச்சு. கார்டு என்றால் திரைக்குப் படம் வரைந்து அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு. திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் கார்டில் ஒரு குறையும் இருக்காது. அதனால் காசு செலவழிக்கும் முன் நான் எந்த வரிசையில் பார்க்கிறேனோ, அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

முதலில் நோய்க்குப் பெயர்

'லேக்' என்ற ஒரே சொல்லில் நாலைந்து வியாதியை அடைத்து வைத்திருக்கிறோம். படம் சீராக நகர்கிறது, ஆனால் நீங்கள் சுட்ட குண்டு ஒரு நொடி கழித்துப் படுகிறது, ஆட்கள் இடம் விட்டு இடம் தாவுகிறார்கள் என்றால் அது நெட் கோளாறு. பிங் (கேம் சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் நேரம்) பாருங்கள், வைஃபையை விட்டு லேன் கேபிள் போடுங்கள். கிராபிக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மற்றவை இப்படி இருக்கும்: ஆரம்பம் முதலே எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது படம், வருகிறது என்ற எண்) குறைவு, எஃப்பிஎஸ் எண் நன்றாக இருந்தும் நடுநடுவே திக்குவது, நன்றாக ஓடிப் பிறகு இறங்குவது, திரை கறுத்துப்போவது அல்லது கம்ப்யூட்டரே ரீஸ்டார்ட் ஆவது, படத்தில் வண்ணக் கட்டங்களும் கோடுகளும் வருவது. எது உங்களுடையது என்று தெரிந்தால் பாதி வழி வந்தாயிற்று. எந்த கேம், எத்தனை நிமிஷம் கழித்து, பகலிலா ராத்திரியிலா, எதை மாற்றிய பிறகு ஆரம்பித்தது என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். மருமகனின் "இருபது நிமிஷம்" என்ற ஒரு சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு ரூபாய் செலவில்லாமல் பார்க்க வேண்டியவை

கேபினெட்டின் பின்பக்கம் போங்கள். மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது? யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில், மேலே இருக்கிற துளை என்றால் அது மதர்போர்டு. அதற்குக் கீழே படுக்கை வசமாக இருக்கும் வரிசைதான் கிராபிக்ஸ் கார்டு. கேபிள் மேலே இருந்தால் விலை கொடுத்து வாங்கிய கார்டு சும்மா கிடக்கிறது, பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ் படம் காட்டிக்கொண்டிருக்கிறது. சிரிக்காதீர்கள், எம்எஸ்சி படித்தவர் ஒருவர் எட்டு மாதம் இப்படி விளையாடியிருக்கிறார். இன்டெல்லில் 12400எஃப் மாதிரி எஃப் என்று முடியும் பிராசஸர்களுக்கு உள் கிராபிக்ஸே கிடையாது. அதில் தப்பாகச் சொருகினால் படமே வராது, அதனால் தப்பு உடனே தெரிந்துவிடும்.

அடுத்து ரெஃப்ரெஷ் ரேட், அதாவது மானிட்டர் நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு 60லேயே ஓட்டுகிறவர்கள் ஏராளம். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் எண் தெரியும். 144 பட்டியலிலேயே இல்லை என்றால் பழைய எச்டிஎம்ஐ கேபிளைத் தூக்கிப்போட்டுவிட்டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போடுங்கள்.

மூன்றாவது, ராம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் வேகமும், எத்தனை ஸ்லாட்டில் ராம் இருக்கிறது என்பதும் தெரியும். 16 ஜிபி ஒரே குச்சியாக இருப்பதைவிட 8 ஜிபி இரண்டாக இருப்பது நல்லது; பிராசஸர் ஒரே நேரத்தில் இரண்டு பாதையில் எடுக்கும். தனி கார்டு இல்லாமல் ரைசன் 5600ஜி போன்றவற்றில் விளையாடுகிறவர்களுக்கு இது உயிர்நாடி, ஏனென்றால் அங்கே கிராபிக்ஸுக்கும் அதே ராம்தான். நான்கு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். போர்டு புத்தகத்தில் படம் இருக்கும். 3200 வேக ராம் வாங்கியிருந்தும் டாஸ்க் மேனேஜர் 2133 அல்லது 2400 என்று காட்டினால் பயாஸில் (விண்டோஸ் வரும் முன் திறக்கும் அடிப்படை செட்டிங் திரை) எக்ஸ்எம்பி, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங், போடவில்லை என்று அர்த்தம். பயாஸுக்குள் போய் அதை ஆன் செய்து சேமியுங்கள். அதன் பிறகு கம்ப்யூட்டர் தடுமாறினால் பழையபடி மாற்றிவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை.

அளந்து பார்ப்பது

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை அதனோடு வரும் ரிவாட்யூனரையும் சேர்த்துப் போடுங்கள். எந்த கம்பெனி கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். கேம் ஓடும்போதே திரை மூலையில் எண்கள் தெரியும்படி வையுங்கள். எனக்கு வேண்டியவை இவ்வளவுதான்: ஜிபியு (கார்டில் படம் வரையும் சிப்) எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, அதன் வெப்பம், கிளாக் (சிப் ஓடும்) வேகம், கார்டின் மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, சிபியு (பிராசஸர்) கோர்கள் ஒவ்வொன்றின் சதவீதம், அப்புறம் ஃப்ரேம்டைம் வரைகோடு.

ஃப்ரேம்டைமைத்தான் பலர் கண்டுகொள்வதில்லை. நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிசெகண்ட், 144 என்றால் ஏறத்தாழ 7. வரைகோடு சமமாகப் போனால் கண்ணுக்கு இதமாக இருக்கும். சராசரி 90 என்று காட்டினாலும் நடுவே 80 மில்லிசெகண்டில் முள் மாதிரி குத்திக்கொண்டு நின்றால் அதுதான் நீங்கள் உணர்கிற திக்கல்.

இந்த எண்களை எப்படிப் படிப்பது? எங்கள் ஊர் பரோட்டா கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மாவை வீசிச் சுருட்டிக் கொடுக்கிறார், இன்னொருவர் கல்லில் போட்டுச் சுடுகிறார். வீசுகிறவர் சிபியு, கல் ஜிபியு. கல் முழுக்க பரோட்டா, ஓரத்தில் உருண்டைகள் காத்துக் கிடக்கின்றன என்றால் கல்தான் பற்றவில்லை. அதாவது ஜிபியு 95 சதவீதத்துக்கு மேல் ஓடுகிறது, ஆனாலும் எஃப்பிஎஸ் போதவில்லை. இது நேர்மையான நிலை. கேம் செட்டிங்கைக் குறைக்க வேண்டும், இல்லை கார்டை மாற்ற வேண்டும்.

கல் பாதி காலியாகக் காய்கிறது, சுடுகிறவர் கரண்டியோடு நிற்கிறார் என்றால்? ஜிபியு 50, 60 சதவீதத்தில் நிற்க எஃப்பிஎஸ் குறைவாக இருப்பது அதுதான். இங்கே எவ்வளவு விலை கொடுத்துப் புதுக் கல் வாங்கினாலும் ஒரு பரோட்டா கூடுதலாக வராது. வீசுகிறவரைப் பாருங்கள்: சிபியு மொத்தம் 30 சதவீதம் என்று காட்டும், ஆனால் ஒரு கோர் மட்டும் 100இல் முட்டிக்கொண்டு நிற்கும். மொத்தக் கணக்கை நம்பாமல் கோர் கோராகப் பார்க்கச் சொன்னது இதனால்தான். விசிங்க் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் செட்டிங்) போட்டிருந்தாலும், கேமிலேயே எஃப்பிஎஸ் வரம்பு வைத்திருந்தாலும்கூட ஜிபியு ஓய்வாகத் தெரியும். அதை முதலில் எடுத்துவிட்டு அளந்து பாருங்கள்.

கார்டின் மெமரி நிரம்பி வழிந்தால் நிலைமை வேறு. 4 ஜிபி கார்டில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) அல்ட்ராவில் வைத்தால், இடம் போதாததெல்லாம் கம்ப்யூட்டர் ராமுக்குப் போய்ப் போய் வர வேண்டும். திரும்பிப் பார்க்கும் போதெல்லாம் திக்கும். டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி இறக்கினாலே பல நேரம் சரியாகும். கேம் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தாலும் புது இடத்துக்குப் போகும்போது இதே திக்கல் வரும். அதை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். டிரைவர் (விண்டோஸையும் கார்டையும் பேச வைக்கும் மென்பொருள்) அப்டேட் செய்த பின் முதல் முறை கேமைத் திறக்கும்போது கொஞ்ச நேரம் திக்குவது ஷேடர்களை (ஒளி, நிழல் வரைய ஜிபியுவுக்கான சின்ன புரோகிராம்கள்) புதிதாகத் தயாரிப்பதால். அது தானே அடங்கும்.

சூடும் தூசியும்

இப்போது மருமகனின் பெட்டிக்கு வருகிறேன். கடையில் ஓட்டிப் பார்த்தோம். முதல் ஐந்து நிமிஷம் கார்டு 74 டிகிரி. பத்தில் 82. பதினெட்டாவது நிமிஷம் 87ஐத் தொட்டது, கிளாக் சரசரவென்று இறங்கியது, 90இல் ஓடிக்கொண்டிருந்த எஃப்பிஎஸ் 45க்கு வந்தது. கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலான ஜீஃபோர்ஸ் கார்டுகள் 83 டிகிரியை ஒட்டியே வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும்.

"ஏல, இந்த சைடு பலகையை எப்பல கடைசியாத் திறந்த?"

"திறக்கக் கூடாதுன்னு கடைக்காரர் சொன்னாரு மாமா."

திறந்தோம். கார்டின் ஃபேனுக்குப் பின்னால் அலுமினியத் தகடுகளே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு படலம், நகத்தால் பிடித்து இழுத்தால் துண்டாகவே வந்தது. அவன் வீடு மெயின்ரோட்டை ஒட்டி. ராப்பகலாக ஜல்லியும் எம்சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகிற லாரிகளின் தூசி, ஜூன் ஜூலையில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று, அதோடு சாரலின் ஈரம். மூன்றும் சேர்ந்தால் தூசி தூசியாக இருப்பதில்லை, பசையாகிவிடுகிறது. பல்லி முட்டை ஓடும் இரண்டு கிடந்தது.

சுத்தம் செய்வது இப்படி. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை சில நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் இறங்கும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக் கையில் உள்ள நிலைமின்சாரத்தை விடுங்கள். பிறகு மொட்டைமாடிக்கோ வாசலுக்கோ கொண்டுபோய் புளோவரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டால் அது தறிகெட்டுச் சுற்றி பேரிங்கைக் கெடுக்கும். ஈரத்துணி ஆகாது, வாக்குவம் கிளீனரை உள்ளே விடுவதும் வேண்டாம். கம்பளியாக ஒட்டியதை மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் பெயர்த்துவிட்டு மறுபடி ஊதுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை (கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுப்பது) வெளியிலிருந்து ஊதுவதோடு நிறுத்துங்கள். அதைத் திறக்காதீர்கள், கரண்ட்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் ஆளைத் தூக்கிப் போடும்.

கார்டைக் கழற்றியதும் அதன் தங்க நிறப் பற்களைப் பாருங்கள். மழைக்காலத்தில் இங்கே அதில் மங்கலாக ஒரு படிவு வரும், ராம் குச்சியிலும் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் தேய்த்து, பொடியை ஊதிவிட்டு மாட்டினால் செத்தது என்று கொண்டுவந்த கம்ப்யூட்டர் எழுந்து உட்காரும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் இருந்தால் இன்னும் நல்லது.

ஊதி மாட்டி மறுபடி ஓட்டினோம். அரை மணி நேரம் கழித்தும் 71. மருமகன் முகத்தில் சந்தோஷம் பாதி, புதுக் கார்டு இல்லை என்ற ஏமாற்றம் பாதி.

ஊதிய பிறகும் சூடு இறங்கவில்லை என்றால் மூன்று நான்கு வருஷக் கார்டில் தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டை அலுமினியத் தகடுக்குக் கடத்தும் பசை) காய்ந்திருக்கும். சிபியுவுக்குப் பேஸ்ட் மாற்றுவது எளிது, வீட்டிலேயே செய்யலாம். கார்டுக்கு அப்படி இல்லை, மெமரி மேல் சூடு கடத்த ஒட்டியிருக்கும் மெத்தை மாதிரியான பேட் கிழிந்தால் அதே தடிமனில் தேட வேண்டும். பழக்கமில்லாதவர்கள் கடையில் கொடுப்பதே மேல். அப்புறம், கேபினெட்டை மர மேஜையின் அடைத்த தட்டில் வைத்து, மேலே துண்டு போட்டு மூடி, பூவும் வைக்கிற பழக்கத்தை விடுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

கரண்ட்

கேம் ஆரம்பித்ததும் ரீஸ்டார்ட் ஆகிறது, டெஸ்க்டாப்பில் இருந்தால் ஒன்றும் ஆவதில்லை. இப்படி வருகிற பெட்டிகளில் நான் முதலில் கேட்பது, யூபிஎஸ் எவ்வளவு? 600 விஏ என்று பெரிதாக எழுதியிருக்கும், ஆனால் அந்த அளவில் பரவலாக விற்பவை தாங்குவது 360 வாட் போலத்தான். கார்டும் சிபியுவும் மானிட்டரும் ஒன்றாக இழுக்கும்போது அது கீச்சிட்டு விழுந்துவிடும். சோதிப்பது எளிது: யூபிஎஸ்ஸை விட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் சில எஸ்எம்பிஎஸ் முனகும், சில அணைந்தே போகும். சைன் வேவ்தான் இதற்குச் சரி.

யூபிஎஸ் இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ். கணக்கு எளிது. மதர்போர்டு ஸ்லாட் வழியாக 75 வாட், கார்டில் ஆறு பின் இணைப்பு இருந்தால் அது வழியாக 75, எட்டு பின் என்றால் 150. ஜிடிஎக்ஸ் 1650க்கு 75 வாட் போதும். ஆர்டிஎக்ஸ் 3060 என்றால் 170, அதற்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று கம்பெனியே சொல்கிறது. கேபினெட்டோடு இலவசமாக வந்த, தூக்கினால் தீப்பெட்டி மாதிரி எடையில்லாத எஸ்எம்பிஎஸ்ஸில் 450 என்று ஸ்டிக்கர் இருந்தாலும் நான் நம்ப மாட்டேன். எனக்கே ஒரு முறை அப்படி ஒன்று வெடித்து, ஒரு மதர்போர்டைக் கூட்டிக்கொண்டு போனது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று பதிவாகியிருந்தால் கம்ப்யூட்டர் ஒழுங்காக மூடாமல் திடீரென்று நின்றது என்று பொருள். அது காரணத்தைச் சொல்லாது, நேரத்தைச் சொல்லும். அந்த நேரத்தில் வீட்டில் மோட்டார் ஓடியதா, மிக்ஸி ஓடியதா என்று யோசித்துப் பாருங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் கை லேசாகச் சுர்ரென்கிறதா? எர்த் இல்லை, எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் மலைப்பக்கம் இடி கேட்டால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. லேன் கேபிளையும் பிடுங்க வேண்டும். நான் பார்த்த மின்னல் அடிபட்ட போர்டுகளில் பல, நெட் வயர் வழியாகத்தான் செத்தன.

டிரைவர்

திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பி வருகிறது, ஈவென்ட் வியூவரில் டிஸ்ப்ளே 4101 என்று இருக்கிறது என்றால், ஜிபியு இரண்டு நொடி பதில் சொல்லாததால் விண்டோஸ் டிரைவரை எழுப்பி உட்கார வைத்திருக்கிறது. காரணம் டிரைவராகவும் இருக்கலாம், ஓவர்கிளாக் (கம்பெனி வைத்ததற்கு மேல் வேகம் ஏற்றுவது), சூடு, எஸ்எம்பிஎஸ் ஆகவும் இருக்கலாம். ஓவர்கிளாக்கை எடுத்துவிட்டு, டிரைவரை அடியோடு மாற்றுங்கள்.

அதற்கு வரிசை முக்கியம். புது டிரைவரை முதலில் டவுன்லோட் செய்து வையுங்கள். டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளையும் எடுத்துக்கொள்ளுங்கள். நெட்டைத் துண்டியுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் தானாக ஒரு பழைய டிரைவரை நடுவில் நுழைத்துவிடும். சேஃப் மோடில் போய்ப் பழையதைத் துடைத்து, ரீஸ்டார்ட் செய்து புதியதைப் போடுங்கள். அதன் பிறகு நெட். புது டிரைவர் வந்த பிறகுதான் கோளாறே ஆரம்பித்தது என்றால் இதே வழியில் முந்தையதற்குத் திரும்புங்கள். நன்றாக ஓடுகிற டிரைவரை மாதாமாதம் மாற்ற வேண்டும் என்று ஒன்றும் வேண்டுதல் இல்லை.

விண்டோஸிலும் கேமிலும்

விண்டோஸில் பெரிதாக ஒன்றும் இல்லை. பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள், ஸ்டார்ட்அப்பில் தேவையில்லாததை அணையுங்கள், பின்னணியில் ரெக்கார்டிங் ஓடினால் நிறுத்துங்கள். 'எஃப்பிஎஸ் பூஸ்டர்' என்ற பெயரில் கிடைக்கிற எதையும் போடாதீர்கள்.

கேமில், எல்லாவற்றையும் ஒரே அடியாக லோவுக்கு இறக்காதீர்கள். நிழல், பிரதிபலிப்பு, வால்யூமெட்ரிக் புகை, ரே டிரேசிங் இவைதான் கல்லை நிரப்புகிறவை. ஒவ்வொன்றாக இறக்கி எண்ணைப் பாருங்கள். கூட்டம், தூரத்துக் காட்சி போன்றவை சிபியுவின் தலையில் விழுபவை. படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டி எஃப்பிஎஸ்ஸைக் கூட்டும் வசதியும் உண்டு: ஆர்டிஎக்ஸ் கார்டு என்றால் டிஎல்எஸ்எஸ், மற்றவற்றில் எஃப்எஸ்ஆர், இரண்டிலும் குவாலிட்டி நிலை கண்ணை உறுத்தாது.

யூடியூப் மட்டும் திக்கினால்

கேம் நன்றாக ஓடி 4கே வீடியோ மட்டும் திக்குகிறதா? வீடியோவில் ரைட் கிளிக் செய்து ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் திறங்கள். கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) வரியில், ஏவி1 என்ற முறையாக இருந்தால் ஏவி01 என்று தொடங்கும் எழுத்து இருக்கும். ஜிடிஎக்ஸ் 10, 16 வரிசைக் கார்டுகளுக்கு ஏவி1ஐ விரிக்கத் தெரியாது, பாரம் முழுக்க சிபியு மேல் விழும். ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்து அது கார்டிலேயே உண்டு. யூடியூப் செட்டிங்ஸில் பிளேபேக் பகுதியில் ஏவி1 விருப்பத்தை மாற்றிப் பார்க்கலாம். பிரவுசரில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். யாரோ சொன்னார்கள் என்று அதை அணைத்துவிட்டு மறந்துபோனவர்கள் உண்டு.

உண்மையிலேயே கார்டு போயிருந்தால்

பயாஸ் திரையிலேயே கோடும் கட்டமும் தெரிகிறது, கேபிள் மாற்றியும் போகவில்லை, வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அதே கோலம் என்றால் அது கார்டின் சாவுதான். வாரண்டி இருந்தால் பில்லோடு போங்கள். ஓவனில் வைத்துச் சுடுகிற வீடியோக்களைப் பார்த்து வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். நாலு நாள் ஓடினால் அதிகம், அடுப்பில் நச்சுப்புகை மிச்சம்.

பழைய கார்டு வாங்கப் போகிறவர்கள், கொல்லமோ திருநெல்வேலியோ, பென் டிரைவில் ஜிபியு-இசட்டும் (கார்டின் விவரம் காட்டுவது) யூனிஜின் ஹெவனும் (கார்டுக்கு முழு வேலை கொடுத்துச் சோதிப்பது) கொண்டுபோங்கள். பயாஸை மாற்றிப் புது மாடல் பெயரில் விற்கிற பல போலிகளை ஜிபியு-இசட் காட்டிக்கொடுக்கும். ஹெவனை இருபது நிமிஷம் ஓடவிட்டு வெப்பத்தையும் கிளாக்கையும் நோட்டில் எழுதுங்கள், ஃபேன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கு தம்பி, நேத்துவரைக்கும் ஓடுச்சு" என்று விற்கிறவர் இழுத்தால், அடுத்த பஸ் எப்போது என்று பாருங்கள்.